கல்லூரி வாசலில் ஓர் உணவகம்

1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் 1952-இல் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் உருவான நாகர்கோவிலில், மாணவர்களை நம்பியே நடக்கும் கடைகள் பல. அவற்றுள் நான் அடிக்கடி செல்லும் ஒரு சிறு உணவகத்தின் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் உண்மையிலேயே அருமை. கிழங்கு மாவாக வெந்திருக்கும். குழம்பில் புளியும் தேங்காயும் ஒன்றையொன்று மீறுவதில்லை. மீன் குளச்சலிலிருந்தும் காய்கறி வடசேரிச் சந்தையிலிருந்தும் வருவதால், மாணவர் தரும் பணம் கடற்கரைக்கும் வயலுக்கும் போய்ச் சேர்கிறது. பரிமாறுவோர் அனைவரும் அத்தெருப் பெண்களே.

ஒரே குறை, கோடை விடுமுறையில் கடையை வாரக்கணக்கில் அடைத்துவிடுகிறார்கள். அந்நாட்களில் நடைபெறும் கூட்டங்களுக்கும் விடைத்தாள் திருத்த வருவோருக்கும் வேண்டிய உணவைக் கல்லூரிகள் இத்தகைய கடைகளிடமே வாங்கினால், அந்த அடுப்பு அணைய வேண்டியதில்லை.