லண்டன் கவுன்சில்களின் மதுபான உரிமச் சேவை: ஒரு மதிப்பீடு

லண்டனில் ஓர் உணவகம் வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பை வைன் ஊற்றிக் கொடுக்க வேண்டுமானால், அது இருக்கும் பரோவின், அதாவது லண்டனின் உள்ளாட்சிப் பிரிவின், கவுன்சிலிடம் 'பிரெமிஸஸ் லைசென்ஸ்' எனப்படும் உரிமத்தைப் பெற்றாக வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் சேவை என்பதால், ஒரு கடையை எடைபோடுவதைப் போல இதையும் எடைபோடலாம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிவெடுக்கும் முறை நேர்மையானது, காலவரம்புக்குக் கட்டுப்பட்டது, ஊராருக்குத் தகவல் சொல்லும் முறையோ பழையதாகிவிட்டது. உரிமம் கொடுப்பதா மறுப்பதா என்பதைவிட, எந்த நிபந்தனைகளோடு கொடுப்பது என்பதில்தான் உண்மையான தீர்ப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் விசாரணை அறைக்கு வெளியிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது.

முன்பு இந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது அது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களின் கைக்கு மாறியது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இத்தகைய அதிகாரத்தைக் கொடுத்தால் வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்று ஆகிவிடாதா என்ற ஐயம் நியாயமானதே. அதற்குத்தான் சட்டம் அவர்களுக்கு நான்கு அளவுகோல்களை மட்டுமே கொடுத்திருக்கிறது: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். இந்த நான்கில் எதனோடும் தொடர்பில்லாத ஆட்சேபம் எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் கணக்கில் வராது. 'இந்தத் தெருவில் ஏற்கெனவே ஐந்து உணவகங்கள் இருக்கின்றன, ஆறாவது எதற்கு' என்று கேட்க முடியாது; அது வியாபாரியின் கவலை. குடிப்பது பாவம் என்றும் வாதாட முடியாது. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். எதிர்க்கடைக்காரரின் பொறாமைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் ஒழுக்கப் போதனைக்கும் ஒரே கதவில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

விண்ணப்பதாரருக்கு வேலை அதிகம். இடத்தின் வரைபடம், என்னென்ன நடவடிக்கைகள் எந்தெந்த நேரத்தில் நடக்கும் என்ற விவரம், அந்த நான்கு நோக்கங்களையும் எப்படிக் காப்பாற்றப்போகிறோம் என்ற திட்டம், மது விற்பனைக்கான தனிநபர் உரிமம் பெற்ற ஒரு மேற்பார்வையாளரின் ஒப்புதல் ஆகிய அனைத்தும் வேண்டும். கட்டணம் மட்டும் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. கட்டடத்தின் வணிக வரி மதிப்பைப் பொறுத்து 100 பவுண்டில் தொடங்கி 190, 315, 450, 635 என ஐந்து படிகள். அதன்பின் ஆண்டுக்கு 70 முதல் 350 பவுண்டு வரை. 2005இல் வகுத்த இந்த அட்டவணை இருபது ஆண்டுகளாக ஏறவே இல்லை. சிறு உணவகத்துக்கு இது நல்ல செய்திதான். ஆனால் உரிமப் பிரிவு அதிகாரிகளின் உழைப்புக்கு இந்தத் தொகை எப்படிக் கட்டுப்படியாகும் என்பதை யாராவது கேட்டாக வேண்டும். மற்றொரு செய்தியும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒரு சொட்டு மதுகூட விற்காத கடையானாலும், இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் சூடான உணவோ பானமோ விற்றால் இதே உரிமம் தேவை. நள்ளிரவில் கொத்து ரொட்டி போடும் கடைகளுக்கும் இது பொருந்தும்.

இனி, குறை சொல்ல வேண்டிய இடம். விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாட்கள், வெளிர் நீல நிறத்தில் ஏ4 அளவுத் தாள் ஒன்றைக் கடையின் முகப்பில் ஒட்டிவைக்க வேண்டும். எழுத்து குறைந்தது 16 புள்ளி அளவில் இருக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தித்தாளிலும் ஒருமுறை விளம்பரம் வர வேண்டும். ஊராருக்குத் தகவல் சொல்லச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது முக்கியமாக இவ்வளவே. வீடு வீடாகக் கடிதம் அனுப்பும் கடமை கவுன்சிலுக்கு இல்லை. விரும்பிச் செய்யும் கவுன்சில்கள் உண்டு. வாடகை விளம்பரங்களும் தள்ளுபடி அறிவிப்புகளும் ஒட்டிக் கிடக்கும் கண்ணாடியில் ஒரு நீலத்தாளை யார் நின்று படிப்பார்கள்? ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் மேல்மாடிக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த ஆங்கிலச் சட்டமொழி புரியும்? இதன் விளைவு சாதாரணமானதும் அல்ல. 28 நாட்களுக்குள் தகுந்த ஆட்சேபம் ஒன்றுகூட வராவிட்டால், விண்ணப்பத்தில் உள்ளபடியே உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கவுன்சிலர்கள் அதைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. நீலத்தாள் கண்ணில் படாததால் தெரு மௌனமாக இருந்தாலும், சட்டம் அந்த மௌனத்தைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கவுன்சிலின் இணையதளத்திலும் உரிமப் பதிவேடு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தேடத் தெரிந்தவருக்கே அது பயன்படும்.

அதே 28 நாட்களில்தான் திரைக்குப் பின்னே முக்கியமான வேலை நடக்கிறது. காவல்துறை, தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு, திட்டமிடல் பிரிவு, வணிகத் தரப் பிரிவு உள்ளிட்ட அமைப்புகளுக்கும் விண்ணப்பம் போகிறது. காவல்துறை அதிகாரி சில நிபந்தனைகளை மின்னஞ்சலில் அனுப்புவார்: கண்காணிப்புக் கேமரா, 31 நாள் பதிவு, 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது, நடந்த சம்பவங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டால் ஆட்சேபம் விலக்கப்படும். உணவகங்களைப் பொறுத்தவரை இவற்றில் தலையாயது, மேசையில் அமர்ந்து முறையான உணவு உண்பவருக்கு மட்டுமே மது என்ற நிபந்தனை. சிறிய வரியாகத் தோன்றினாலும் ஒரு வியாபாரத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது. பகலில் உணவகமாகவும் இரவில் மதுக்கூடமாகவும் ஒரே இடத்தை நடத்தலாம் என்று கணக்குப் போட்டவர், அவசரத்தில் இதற்குச் சம்மதித்துவிட்டால், பின்னர் அதை மாற்ற மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் நீலத்தாள் ஒட்டி, 28 நாட்கள் காத்திருக்க வேண்டியதுதான். உண்மையான உணவகத்துக்கோ இந்த நிபந்தனை கேடயமாகிறது. அக்கம்பக்கத்தாரின் அச்சத்தில் பாதி அதனாலேயே தணிந்துவிடும்.

இந்தக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் மத்திய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர். சோஹோவை உள்ளடக்கிய வெஸ்ட் எண்ட் பகுதியில் உரிமம் பெற்ற இடங்கள் ஏற்கெனவே நெருங்கிக் கிடப்பதால், குற்றம், தொல்லை ஆகியவற்றில் அவற்றின் கூட்டு விளைவைக் காரணம் காட்டிப் புதிய மதுக்கூடங்களைப் பொதுவாக மறுப்பது அந்தக் கவுன்சிலின் கொள்கை. உணவகம் என்றால் அணுகுமுறை மாறுகிறது: மது உணவுக்குத் துணையாக மட்டுமே இருக்க வேண்டும், கவுன்சில் வகுத்த நேர வரம்புக்குள், அதாவது திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30, வெள்ளியும் சனியும் நள்ளிரவு, ஞாயிறு 10.30 என்ற எல்லைக்குள் கடை நடக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கொள்கையாக எழுதி வெளியிட்டிருப்பதைப் பாராட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே தன் நிலையை ஒருவர் அறிந்துகொள்ள முடிகிறது. எல்லாப் பரோக்களின் கொள்கை அறிக்கைகளும் இவ்வளவு தெளிவானவை அல்ல.

ஆட்சேபம் நிலைத்து நின்றால், பொதுவாக மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு முன்பு விசாரணை நடக்கும். 2012 முதல், அருகில் வசிப்பவர்தான் என்றில்லாமல் எவரும் ஆட்சேபம் அனுப்பலாம். இரு தரப்புக்கும் சமமான நேரம் ஒதுக்கப்படுகிறது. கவுன்சிலர்களின் அருகில் ஒரு சட்ட ஆலோசகர் அமர்ந்திருக்கிறார். நீதிமன்றத்தின் மிரட்டலும் கிடையாது. ஆனால் உணவகத் தரப்பில் உரிமச் சட்டத்தையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர் பேச, எதிரில் வேலைக்கு விடுப்பு எடுத்து வந்த குடியிருப்பாளர் தடுமாறுவதைப் பார்க்கும்போது, சமமான நிமிடங்கள் சமமான வாய்ப்பு ஆகிவிடாது என்பது புலப்படும். 'சத்தம் தாங்க முடியாது' என்ற பொதுப்புலம்பல் அங்கே எடுபடுவதில்லை; 'இரவு 10 மணிக்குமேல் வெளியே மேசை போடக்கூடாது, காலி பாட்டில்களை காலை 8 மணிக்கு முன் கொட்டக்கூடாது' என்று நிபந்தனையாகவே எழுதிக் கேட்பவருக்குப் பலன் கிடைக்கிறது. தெளிவாகக் கேட்டதைச் சேர்த்துக்கொள்ளக் கவுன்சிலர்கள் பொதுவாகத் தயங்குவதில்லை.

முடிவு பிடிக்காத தரப்பு 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரிடலாம் என்பதால் குடியிருப்பாளர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள். அவர்களுக்குச் சட்டம் வேறொரு கருவியைக் கொடுத்திருக்கிறது. உரிமம் வழங்கப்பட்ட பிறகும், கட்டணம் ஏதுமின்றி, அதை மறுபரிசீலனை செய்யும்படி எவரும் விண்ணப்பிக்கலாம். கவுன்சில் நிபந்தனைகளை மாற்றலாம், மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்திவைக்கலாம், முற்றாக ரத்தும் செய்யலாம். ஆனால் நீலத்தாளைத் தவறவிட்டவர் இந்தக் கதவைத் தட்டும்போது, எந்த நாளில், எந்த மணிக்கு, என்ன நடந்தது என்ற குறிப்பு அவர் கையில் இருக்க வேண்டும். கடை திறந்த முதல் இரவிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது.