ஹெல்லாஸ்-எலிசியமா, வீனஸ் நெக்ஸ்ட்டா?

செவ்வாயை மனிதர் வாழத் தக்கதாக மாற்றும் போர்டு கேமான டெரஃபார்மிங் மார்ஸை வாங்கி இருபது ஆட்டம் ஆடியாயிற்று, அதோடு வரும் தார்சிஸ் வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் என்ன கிடைக்கும் என்று மனப்பாடமே ஆகிவிட்டது. அடுத்து ஒரே ஒரு எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பெட்டி) வாங்கலாம் என்றால் எது? போட்டியில் இருப்பவை இரண்டு, இரண்டுமே 2017இல் வந்தவை. நான் வீனஸ் நெக்ஸ்ட்டை முதலில் வாங்கினேன், ஹெல்லாஸ்-எலிசியத்தைப் பிறகு வாங்கினேன். வரிசையை மாற்றிச் செய்திருக்க வேண்டும்.

வீனஸில் என்ன வருகிறது என்பது பெட்டியிலேயே தெரியும்: 49 புதுக் கார்டுகள், ஆட்டக்காரர் ஏற்று ஆடும் 5 கார்ப்பரேஷன்கள், வெள்ளிக் கோளுக்கான தனிப் பலகை, ஃப்ளோட்டர் என்ற புது வளம். ஹெல்லாஸ்-எலிசியம் வெறும் ஒரு போர்டு. இரண்டு பக்கமும் இரண்டு வரைபடம், அவ்வளவுதான். கையில் வாங்கும்போது ‘இதற்கா காசு’ என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த ஒற்றை அட்டை பழைய சீட்டுக்கட்டையே புதிதாக்கிவிடுகிறது. காரணம் நிலம் இல்லை, மைல்ஸ்டோனும் (ஒரு இலக்கை எட்டி முந்திக்கொள்பவருக்குப் புள்ளி) அவார்டும் (ஒன்றில் முன்னிலையில் இருப்பவருக்குப் புள்ளி). தார்சிஸில் மூன்று நகரம் வைத்தால் மேயர், மூன்று பசுமை வைத்தால் கார்டனர் என்று எல்லோரும் ஒரே பாதையில் ஓடுவோம். ஹெல்லாஸில் அந்த இரண்டுமே கிடையாது. எட்டு வெவ்வேறு டேக் (கார்டின் வகையைக் காட்டும் சின்னம்) சேர்த்தால் டைவர்சிஃபையர், அதனால் இவ்வளவு நாள் கண்டுகொள்ளாமல் விட்ட கார்டையெல்லாம் ஒரு டேக்குக்காக வாங்குவோம். எலிசியத்தில் இன்னும் வேடிக்கை. ஒரே முறை பலன் தரும் இவென்ட் கார்டுகளை ஆடி முடித்ததும் கவிழ்த்து வைத்துவிடுவோம், டேக் கணக்கிலும் வராது, அதனால் அவற்றின்மேல் எனக்கு எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. அங்கே ஐந்து இவென்ட் ஆடினால் லெஜண்ட் மைல்ஸ்டோன். ஐந்து புள்ளி!

அப்புறம் தென் துருவம். ஹெல்லாஸின் கடைசி வரிசையில் ஒரு கட்டம், அதில் டைல் வைப்பவர் 6 மெகாகிரெடிட் (ஆட்டத்தின் பணம்) கட்டி ஒரு கடலும் வைக்க வேண்டும். கார்டு இல்லாமலே கடல் வைக்கும் ஸ்டாண்டர்ட் ப்ராஜெக்டுக்கு 18 ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் அந்த இடத்துக்காகப் பணத்தைச் சேர்த்து வைத்து, அடுத்த ஜெனரேஷனில் (சுற்றில்) நகரம் வைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் தன் பசுமை டைலை அங்கே வைத்து, ஆறைக் கட்டி, கடலையும் எடுத்துக்கொண்டாள். டி.ஆர். (டெரஃபார்ம் ரேட்டிங், அதாவது செவ்வாயை மாற்றியதற்கான மதிப்பீடு) கட்டையை ஒரு படி நகர்த்தும்போது என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கடுப்பாக இருக்கிறது.

வீனஸ் மோசம் என்று சொல்லவில்லை. அறிவியல் டேக், ஃப்ளோட்டர் இரண்டையும் கோத்து ஆடுவது அழகாகவே இருக்கும். ஆனால் வெள்ளியின் அளவை 30% வரை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஆட்டம் முடிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கவனம் அங்கே சிதறி ஆட்டம் இழுத்துவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு ஜெனரேஷன் முடிவிலும் உலக அரசு என்ற பெயரில் வெப்பம், ஆக்ஸிஜன், கடல், வெள்ளி இவற்றில் ஒரு அளவை இலவசமாக ஏற்றச் சொல்கிறார்கள். மருந்துக்கு ஒரு மருந்து மாதிரி.

என் முடிவுக்கு உண்மையான காரணம் வேறு: பெட்டிக்குள் திரும்ப வைப்பது. 208 கார்டுகளோடு 49ஐக் கலைத்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. புதிதாக ஒருவர் ஆட வருகிறார், முதல் ஆட்டத்திலேயே ஃப்ளோட்டர் எல்லாம் வேண்டாம் என்று நினைத்தால், ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் வீனஸ் கார்டு என்று காட்டும் சின்ன அடையாளத்தைத் தேடித் தேடி எடுக்க வேண்டும். ஒருமுறை இப்படிப் பிரித்து, 47 எடுத்ததும் போதும் என்று நினைத்துவிட்டேன். நடு ஆட்டத்தில் புதியவர் ஒரு கார்டைத் தூக்கிக் காட்டி “இது என்ன, மேகம் மாதிரி இருக்கே?” என்றார். கலந்தே விட்டுவிடலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டு தடிக்கும், நீங்கள் ஒரு டேக்கை நம்பிச் சேர்க்கும்போது அடுத்த கார்டு வரும் வாய்ப்பு குறையும். வியாழன் டேக் சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும். கார்டுகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடுகிறவர் என்றால் இன்னும் 49 ஸ்லீவ். வரைபடத்தில் இந்த வம்பே இல்லை. போர்டைத் திருப்பிப் போட்டால் வேறு ஆட்டம். புதியவர் வந்தால் தார்சிஸ், அவ்வளவுதான். தார்சிஸில் தனி இடம் உள்ள நாக்டிஸ் சிட்டி கார்டுக்கு மட்டும் ஹெல்லாஸிலும் எலிசியத்திலும் ஒதுக்கிய இடம் கிடையாது, சாதாரண நகரம் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து பேரோடு நான் ஆடியது இரண்டே முறை, இரண்டுமே ஹெல்லாஸ்தான், அதனால் கூட்டம் பெரிதானால் வீனஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ‘வந்த கார்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன’ என்பதுதான் உங்கள் குறை என்றால் வரைபடத்தில் அதற்கு மருந்து இல்லை, வீனஸையே வாங்குங்கள், ஆனால் கலைப்பதற்கு முன் ஒரு தனிப் பையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஹெல்லாஸ்-எலிசியம்தான் என்று முடிவாகிவிட்டால் ஹெல்லாஸ் பக்கத்தை முதலில் ஆடுங்கள். எலிசியத்தில் ஒலிம்பஸ் மோன்ஸ் கட்டம் மூன்று கார்டு தருகிறது, அங்கே முதல் ஜெனரேஷனிலேயே அடிதடி தொடங்கிவிடும்.