முழு அட்டையாகக் கொடுங்க அண்ணாச்சி

இதயத்துக்குள் கம்பி விட்டுத் தாளத்தைச் சீராக்குகிற அப்லேஷன் நம்ம ஊர்ப்பக்கம் அடுத்த வாரமே கிடைக்கிறது. பதினான்கு மாத்திரையை ஒழுங்காக வாங்கத்தான் சண்டை போடவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்த இந்தத் தடவை ரயில், கல்யாணம், பத்திர ஆபீஸ் வேலை எல்லாம் நன்றாகவே நடந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டாக்டர்கள் பாஷையில் ஏஎஃப். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும். எனக்கு வந்து வந்து போகிற வகை. வந்தால் நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை உருட்டுகிற மாதிரி இருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர்களின் பயம் அந்தப் படபடப்பு பற்றியது அல்ல. மேலறை சரியாகச் சுருங்காவிட்டால் ரத்தம் அங்கே தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எனக்கு பிரஷரும் சுகரும் உண்டு, ஆகவே அவர்கள் போடும் ஆபத்துக் கணக்கில் இரண்டு புள்ளி. அதனால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பிசோப்ரோலாலோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சுமார் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து அது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

பயணம் ஒரு வாரம் நீண்டுவிட்டது. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருந்து தருகிற கோட்டாற்றுக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். புதுப் பையன் ஒருத்தன் போனில் இருந்த லண்டன் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். (லெஸ்டர் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊரில் அது லண்டன்தான்.) "கம்பெனி வேற சார், கன்டென்ட் ஒண்ணுதான்." அதில் எனக்கு மறுப்பில்லை, அங்கேயும் ஜெனரிக்தான் தருகிறார்கள். பத்து உள்ள முழு அட்டை ஒன்றை வைத்தான். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்து இன்னொரு அட்டையிலிருந்து நாலை வெட்டி, காக்கிக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதித் தந்தான். எல்லாம் நமக்குப் பழகினதுதானே, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பிரித்தால் பத்தும் இளஞ்சிவப்பு, நாலும் மஞ்சள். வெட்டின துண்டின் பின்புறத்தில் பாதிப் பெயர்தான் இருந்தது. எத்தனை மில்லிகிராம் என்பதும் தேதியும் பேட்ச் நம்பரும் கடையில் கிடக்கிற மிச்சத் துண்டோடு போய்விட்டன.  இங்கிலாந்தில் பெட்டியின் மேல் என் பெயர், எப்போது சாப்பிடணும், எத்தனை என்று லேபிள் ஒட்டாமல் கையில் தரமாட்டார்கள்.

திரும்ப ஆட்டோ. திரும்ப அதே பையன். "அஞ்சு தீந்துபோச்சு சார். ரெண்டரை குடுத்திருக்கேன். ரெண்டு ரெண்டாப் போட்டுக்கிடுங்க." சொல்லியிருக்கலாமே என்றேன். "இப்பச் சொல்லிட்டம்லா" என்றான். சரி, ரெண்டு ரெண்டாக என்றால் எட்டு தரவேண்டும், நாலு எப்படிக் கணக்காகும்? பையன் மின்விசிறியைப் பார்த்தான். பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர், "ரெண்டுக்கும் அஞ்சுக்கும் என்னதான் சார் பெரிய வித்தியாசம்?" என்று சமரசத்துக்கு வந்தார். 80 வயதானவர், 60 கிலோவுக்கு மேல் எடை இல்லாதவர், சிறுநீரகம் தளர்ந்தவர், இந்த மூன்றில் இரண்டு பொருந்துகிற ஆளுக்குத்தான் ரெண்டரை என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அறுபது கிலோ விஷயத்தை ஒத்துக்கொண்டார்.

அண்ணாச்சி வந்தார். பையனுக்குக் கிடைத்த வசவை எழுத முடியாது. "தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க, ஆள் வரும்" என்றார். நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். இரவு எட்டரைக்கு அதே பையன் பைக்கில் வந்தான். முழு அட்டை, அதே கம்பெனி, 5 மில்லிகிராம், பேட்ச் நம்பர் போட்ட பில். கூடவே நாங்கள் கேட்காத ஒரு கவர். அத்தையின் அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய வகை மாத்திரை), நாளையோடு தீர்கிறதாம். லெஸ்டரில் என் கடைக்காரர் மிக நல்ல மனிதர், ஆனால் எனக்கு ஒரு அத்தை இருப்பதே அவருக்குத் தெரியாது.

அத்தை கதை வேறு. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, அதனால் ஏஎஃப் வந்து, கடைசியில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண்ணை மாதாமாதம் பார்க்கவேண்டும், முருங்கைக்கீரையை ஒருநாள் கூட்டி ஒருநாள் விட்டால் எண் ஆடும். "எனக்கும் ஒனக்க குளிகையையே தரச் சொல்லு மக்களே" என்கிறார். தர முடியாது. உலோக வால்வுக்காரர்களுக்கு என் அபிக்சபான் போன்ற புது வகையில் ஒன்றான டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2013இல் வெளிவந்தது. ருமாட்டிக் வால்வு நோயால் வந்த ஏஎஃப்புக்கும் இன்னொரு புது வகையான ரிவராக்சபானைவிடப் பழைய வகையே மேல் என்று 2022இல் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒரே நோய், ஆனால் மருந்து மாற்றிக்கொள்ள முடியாது என்பதை அத்தைக்குப் புரியவைக்க அரைநாள் ஆயிற்று.

இனி அப்லேஷன். லெஸ்டரில் காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அவ்வப்போது கடிதம் வரும், தேதி வராது. அதனால் மச்சான் வற்புறுத்தித் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். டாக்டர் பிரமாதமாக விளக்கினார். நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலிருந்துதான் தப்புத் துடிப்பு கிளம்புகிறது என்று 1998இல் பிரான்சின் போர்தோவில் கண்டுபிடித்ததிலிருந்து, இப்போது சூடும் குளிரும் இல்லாமல் மின்துடிப்பால் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு போடுகிற புது முறை வரைக்கும். நோய் தெரிந்த ஒரு வருஷத்துக்குள் தாளத்தைச் சீராக்கினால் பக்கவாதம், இதய நோயால் மரணம் முதலியவை குறைகின்றன என்ற 2020 ஆய்வையும் சொன்னார். எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. உள்ளுக்குள் ஆட்டம் கண்டேன். அடுத்த மேஜையில் ஒரு பெண் பேக்கேஜ் தாளை நீட்டி, "டீலக்ஸா, செமி டீலக்ஸா?" என்றார்.

மச்சானுக்கு அப்லேஷன் என்றால் மாத்திரையிலிருந்து விடுதலை. அப்படி இல்லை. குறைந்தது இரண்டு மாதம் ரத்த மருந்தை ஒருவேளைகூட விடக்கூடாது. அதற்குப் பிறகும் தொடர்வதை முடிவு செய்வது என் இரண்டு புள்ளிதான், சீரான தாளம் அல்ல. முதல் சில வாரம் படபடப்பு திரும்ப வரலாம், சிலருக்கு இரண்டாம் தடவை செய்யவேண்டியிருக்கும். மிக அபூர்வமாக உணவுக்குழாயில் புண்ணாகி, வாரங்கள் கழித்துக் காய்ச்சலாக வெளிப்படும். மின்துடிப்பு முறையில் அந்தப் பயம் குறைவு என்கிறார்கள். இருந்தாலும் அப்படி ஒன்று வந்தால் அன்றைக்கு நான் லெஸ்டரில், செய்தவர் திருவனந்தபுரத்தில். செமி டீலக்ஸ் தாளை மடித்து வைத்துக்கொண்டேன், பெயரை லெஸ்டர் பட்டியலிலேயே விட்டிருக்கிறேன். ஒரு வருஷம் தாண்டுவதற்குள் கூப்பிடச் சொல்லி ஊரிலிருந்தே கடிதம் போட்டாயிற்று. மச்சான் இன்னும் பேசவில்லை.

புறப்படும்போது அண்ணாச்சி கடையில் ஏறி, அத்தைக்கு அசிட்ரோம் வெட்டினால் மில்லிகிராம் எழுதின பக்கத்தை அத்தைக்கே விடுங்கள் என்று கேட்டேன். ஒன்றும் இரண்டும் மாறினால் அவருக்கு ரத்தம் கசியும், இல்லாவிட்டால் வால்வு அடைக்கும். சரி தம்பி என்றார். பையன் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.