செங்கல் வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு எங்களுடையது. பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கண்ணாடி எக்ஸ்டென்ஷன் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. கட்ட நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்களைப் படுத்தியது வெயிலும் ஈரமும்.

இன்றைய டபுள் கிளேசிங் (நடுவே இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி) வழியே வெளியேறும் வெப்பம், ஒன்பது அங்குலப் பழைய செங்கல் சுவர் வழியே போவதைவிடக் குறைவு. ஜனவரியில்கூட முன்னறையைவிட இங்கேதான் உட்காருகிறோம். இட்லி வேகும்போது மட்டும் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தோட்டம் தெற்குப் பக்கம், கூரையும் கண்ணாடி. 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவானபோது உள்ளே நிற்கவே முடியவில்லை. உள்பக்க பிளைண்ட் பெரிதாக உதவாது, வெப்பம்தான் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதே! வெளியே நிழல் துணி கட்டிய பிறகுதான் பகலில் சமைக்க முடிந்தது. சுவருக்குக் கண்ணாடி சரி, கூரைக்கு ஒரு ஸ்கைலைட், அதாவது சின்னக் கண்ணாடி ஜன்னல், தாராளம்.

அப்புறம், கண்ணாடிக் கூரை பழைய சுவரோடு சேரும் இடம். மழைநீர் உள்ளே இறங்காமலிருக்க, செங்கல் வரிசைகளுக்கு நடுவே காடி வெட்டி ஈயத் தகட்டைச் சொருகுவார்கள். எங்கள் பில்டர் அந்தக் காடியைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டுப் போனார். இந்த வீடுகளோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அவ்வளவாக விடாது. செங்கலுக்குள் தங்கிய நீர் குளிர்காலத்தில் உறைய, தகட்டுக்கு மேலிருந்த செங்கற்களின் முகம் பிஸ்கட் மாதிரிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வேறொருவரைக் கூப்பிட்டு, சிமென்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு வைத்த பிறகே நின்றது. கொட்டேஷனிலேயே 'லைம் மார்ட்டர்' என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

காகித வேலையும் உண்டு. பொதுச்சுவரில் கை வைப்பதென்றால் 1996 பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். பழைய கட்டடங்களின் தோற்றத்தைக் காக்கும் 'கன்சர்வேஷன் ஏரியா'வில் வீடு இருந்தால், கட்ட அனுமதி வேண்டுமா என்று கவுன்சிலை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தானாகச் சுத்தமாகும் கண்ணாடி என்று விற்கிறார்களே, அது பொய்யில்லை. மேலே டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு. வெயில் அழுக்கைச் சிதைக்கும், மழை கழுவிவிடும். ஆனால் அது வெளிப்பக்கத்துக்கு மட்டும். உள்ளே படியும் தாளிப்பு எண்ணெயை நாம்தான் துடைக்க வேண்டும், அதுவும் ஏணி போட்டு.