எம்-45ஆ, மயில்துத்தமா? கேத்தி பள்ளத்தாக்கில் கிழங்குக்கு எந்த மருந்து?

கார்போகத்தில், அதாவது மழைப் பருவத்தில் போடும் உருளைக்கிழங்கில், இலைக்கருகல் நோய் தெரிந்துவிட்டால் நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் யாருக்கும் தூக்கம் வராது. ராத்திரி மூடுபனி, காலையில் சாரல். அதே ஈரம் நீடித்தால் ஒரு வாரத்துக்குள் வயலே கருகி நாற்றமடிக்கும். ஆகவே மருந்தே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்த மருந்து, அதை யார் கையால் கலக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. எங்கள் வீட்டில் டிரம்மில் மஞ்சள் தூளைக் கொட்டி வெறுங்கையால் கரைத்தது அம்மா. என் தங்கை வயிற்றில் இருந்த வருஷமும் அவர்தான் கரைத்தார்.

அந்தத் தூள் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி. கடையில் எம்-45 என்று கேட்டு வாங்குவது. விலை குறைவு, கருகலை நன்றாகத் தடுக்கும், எதிர்ப்புச் சக்தி பெற்ற பூஞ்சை எளிதில் உருவாகாது. இவ்வளவும் உண்மை. ஆனால் அது சிதையும்போது எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. உடம்புக்குள் போனால் மட்டுமல்ல, மூட்டையில் ஈரம் பட்டாலும், மருந்து தங்கிய காய்கறியை வேகவைத்தாலும் உண்டாகும். தைராய்டு சுரப்பியில் அயோடினைச் சேர்த்து தைராக்சின் தயாரிக்கும் நொதியை இது மடக்கிப் போடுகிறது. அயோடின் குறைந்த உடம்பில் பாதிப்பு கூடும். கருவின் மூளை முதல் சில மாதங்களுக்குத் தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது என்பதை நினைக்கும்போது அந்த டிரம்தான் என் கண்முன் வருகிறது.

கோஸ்டா ரிக்காவில் வாழைத் தோட்டங்களுக்கு விமானத்திலிருந்து மேன்கோசெப் தெளிக்கிறார்கள். அருகில் வசித்த கர்ப்பிணிகளின் சிறுநீரில் எத்திலீன் தயோயூரியா, பிற இடங்களின் பொதுமக்களிடம் இருப்பதைவிட 5 மடங்குக்கும் மேல் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மேன்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஹார்மோனைக் குலைக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதே ஆண்டு மே மாதம் நம் மத்திய அரசு தடை செய்யலாம் என வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் இது இருந்தது.

சரி, வேறு பாக்கெட் வாங்கலாமா? அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெட்டலாக்சில் என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லி 8 சதவீதம், மேன்கோசெப் 64 சதவீதம். சைமோக்சனில் என்ற இன்னொரு மருந்தின் கலவையிலும் மேன்கோசெப் அதே 64. பெயரும் விலையும்தான் மாறுகின்றன.

ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்ற அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகளைக் கிழங்குக் கருகலுக்கு வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். பூஞ்சை தன் செல்சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வுக்காக ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைத் தயாரிப்பதை அவை தடுக்கின்றன. கருகல் கிருமியோ ஸ்டெராலைத் தானே தயாரிப்பதே இல்லை. தேயிலையின் கொப்புள நோய்க்கு அவை கேட்கும். ஆனால் அவை தடுக்கும் நொதியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் உடம்பிலும் இருக்கிறது. ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் அது. டெபுகோனசோல் கொடுத்த சினை எலிகளின் ஆண் குட்டிகளில் பெண்தன்மை அடையாளங்கள் தென்பட்டன. தேயிலைக்கும் தாமிர மருந்து இருக்கும்போது கொளுந்தில் இதை அடிக்க எனக்கு மனசு வராது.

இனி மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்ற தாமிர உப்பு. 1 கிலோ துத்தம், 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, பளபளப்பான கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்புநிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும். தைராய்டு விஷயத்தில் மேன்கோசெப்புக்கு இருக்கும் குற்றச்சாட்டு இதற்கு இல்லை. ஆனால் இது நோய் வருமுன் காப்பது மட்டும்தான். மழை கழுவிவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து. தாமிரம் மண்ணைவிட்டுப் போகாது, மண்புழுவைக் கெடுக்கும். நீலகிரியின் புளித்த மண்ணில் இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பாவிலேயே ஹெக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோ தாமிரம்தான் உச்சவரம்பு.

அதனால் என் முதல் தேர்வு டிரம்மில் இல்லை, விதையில். பழைய ரகமான குஃப்ரி ஜோதியின் தாங்குதிறன் தேய்ந்துவிட்டது. குஃப்ரி கிரிதாரி ரகம் கருகலைத் தாங்கும், மருந்தடிக்கும் தடவைகள் குறையும். விதை கிடைக்குமா என்று முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இந்தக் கார்போகத்துக்கு எங்கள் வயலில் பாதி கிரிதாரி. மீதிக்குத் துத்தக் கரைசல். கையுறையும் கண்ணாடியும் போட்டு நான் கரைக்கப் போகிறேன், அம்மா மேட்டில் நின்று பார்க்கட்டும்.