ஏற்றத்தில் பெடல், இறக்கத்தில் பிரேக்: இரண்டு பின் சஸ்பென்ஷனோடு 7 வருடம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட வழிகளில் 7 வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். முதல் 4 வருடம் ஒற்றை பிவட் வண்டி, அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம் ஒரே மூட்டில் (பிவட்) ஆடும் வகை. அதன் பிறகு ஹார்ஸ்ட் லிங்க் வண்டி, அதில் பின் சட்டத்துக்குப் பல மூட்டுகள். இரண்டிலும் பின்பக்கம் 140 மில்லிமீட்டர் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம். டயர் அகலம் ஒன்றுதான், என் எடையும் அதே 72 கிலோதான். பாதைகளும் மாறவில்லை. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது.

முதலில் ஏற்றம். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி கொஞ்சம் முன்னே பாய்கிறது. அப்போது எடை பின்னால் சாய்ந்து ஷாக் (பின்பக்க அதிர்வுதாங்கி) அமுங்கப் பார்க்கும். அதே நேரத்தில் செயினின் இழுப்பு பின்சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளி வாலைத் தூக்கப் பார்க்கும். இந்த எதிர்ப்புக்குத்தான் ஆன்ட்டி ஸ்குவாட் என்று பெயர். இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் அதை 100 சதவீதம் என்பார்கள். ஒற்றை பிவட் என்றாலே ஊஞ்சல் மாதிரி ஆடும் என்று வாங்கும்போது பலர் பயமுறுத்தினார்கள். ஆனால் பிவட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது. என் பழைய வண்டியில் பிவட், பெடலோடு சுழலும் பல்சக்கரமான செயின்ரிங்கின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தது. சீட்டில் உட்கார்ந்து சீராக மிதித்தால் ஆட்டம் மிகக் குறைவு. எழுந்து நின்று மிதித்தால் நன்றாகவே ஆடும். அது செயினால் வருவதில்லை, உடம்பு மேலும் கீழும் போவதால் வருவது. எந்த லிங்கேஜும் அதைத் தீர்க்காது.

இரண்டாம் வருடம் 32 பல் செயின்ரிங்கைக் கழற்றிவிட்டு 30 பல் போட்டேன். ஏற்றம் சுலபமாகட்டும் என்று செய்ததுதான், ஆனால் சஸ்பென்ஷனும் மாறிவிட்டது. செயின்ரிங் சிறிதானால் செயின் போகும் கோடு கீழே இறங்கும், ஆன்ட்டி ஸ்குவாட் கூடும். வால் முன்னைவிட நிமிர்ந்து நின்றது. ஆனால் கல் பதித்த எஸ்டேட் ரோட்டில் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பெரிய பல்லில் ஏறும்போது, சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் மேலே போகப் போக பெடல் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளியது. ஒரு மணி நேரம் ஏறினால் உள்ளங்கால் எரியும். ஆட்டம் குறைவதற்குக் கொடுக்கும் விலை இந்த உதைதான். ஹார்ஸ்ட் லிங்க் வண்டிக்கு மாறியபோது 32-க்கே திரும்பிவிட்டேன்.

பெடல் விஷயம் இவ்வளவுதான். கொஞ்சம் ஆடினால் ஷாக்கில் லீவர் இருக்கிறது, திருப்பினால் இறுகும். பிரேக்குக்கு அப்படி ஒரு லீவர் கிடையாது. இதை நான் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் மழைக்கு அடுத்த நாள் காலை, இறக்கத்தில் ஒரு வளைவு. திரும்பியதும் நடு ரோட்டில் காட்டெருமை. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ஈரக் கற்கள் மேல் பின்சக்கரம் அமுங்கி எழுவதற்குப் பதிலாகத் தத்தித் தத்திக் குதித்தது. பிடிமானம் போய், வண்டி ஓரமாகச் சறுக்கி, செடி வரிசைக்குள் விழுந்தேன். முழங்கை கிழிந்தது. எருமை நிதானமாக மேலே ஏறிப் போய்விட்டது. ஷாக்கில்தான் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் செய்து பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை.

காரணம் பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பாகம், பொருத்தியிருக்கும் இடம். ஒற்றை பிவட் வண்டியில் காலிப்பர், பின்சக்கரத்தைத் தாங்கி ஆடும் சட்டமான ஸ்விங் ஆர்மிலேயே இருக்கும். சக்கரம் கல்லில் ஏறும்போது ஸ்விங் ஆர்மோடு காலிப்பரும் சுழல்கிறது. பிரேக் பிடித்திருந்தால் சக்கரத்தையும் கூடவே திருப்பியாக வேண்டும், டயரோ தரையைக் கவ்வியிருக்கிறது. அதனால் சஸ்பென்ஷன் சுதந்திரமாக வேலை செய்ய முடிவதில்லை. வீல் லாக் ஆகிவிட்டால் இன்னொரு தொல்லை: கேசட் முன்னால் சுழல வழியில்லாமல் போவதால், செயின் நீளத்தில் வரும் வித்தியாசம் முழுவதும் பெடலில் உதையாக வரும்.

ஹார்ஸ்ட் லிங்க் ஆஸ்திரியாவில் பிறந்த ஹார்ஸ்ட் லைட்னரின் யோசனை. பின் அச்சுக்குச் சற்று முன்னால், செயினை ஒட்டிப் போகும் கீழ்ச் சட்டமான செயின்ஸ்டேயில் ஒரு பிவட் வைத்தார். காலிப்பர் மேல் சட்டமான சீட்ஸ்டேயில் உட்காரும், டிராவல் முழுக்க அது குறைவாகத்தான் சுழலும். அவருடைய காப்புரிமையை 1990களில் ஸ்பெஷலைஸ்டு வாங்கியது, அது காலாவதியான பிறகுதான் அமெரிக்கச் சந்தையில் மற்ற நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்தின. புது வண்டியை அதே வளைவுக்குக் கொண்டுபோனேன். பிரேக் பிடித்தபடியே கற்கள் மேல் இறங்கினேன். பின்சக்கரம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்குவது காலுக்குத் தெரிந்தது. அந்த ஒரு இறக்கத்துக்காகவே மாற்றியது சரி என்று பட்டது.

ஆனால் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புல்தரையில் நண்பரை விட்டு பக்கவாட்டில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கச் சொன்னேன். பின் பிரேக்கை மட்டும் பிடித்தபோது ஒற்றை பிவட் வண்டியின் வால் கிட்டத்தட்ட அதே உயரத்தில் நின்றது. பிரேக்கின் விசையே வாலை அமுக்கி வைப்பதால் அப்படி, ஆன்ட்டி ரைஸ் என்பது இதுதான். ஹார்ஸ்ட் லிங்க் வண்டியின் வாலோ ஒரு விரல்கடை எழும்பியது. செங்குத்தான இறக்கத்தில் அது ஹேண்டில்பாருக்கு மேலே தள்ளுவது போல இருக்கும். முன் ஃபோர்க்கில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பின் ஷாக்கின் ரீபவுண்டை, அதாவது அமுங்கியது திரும்ப எழும் வேகத்தை, இரண்டு கிளிக் மெதுவாக்கிய பிறகு அடங்கியது. சாக் (sag), அதாவது ஏறி உட்கார்ந்ததும் ஷாக் இறங்கும் அளவு, 30 சதவீதம். ஷாக் அமுங்கும் மொத்த நீளமான 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில், ஷாக் தண்டிலுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) 15-இல் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் காற்றழுத்தம் குறைவதால் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செலவு பேரிங். பழைய வண்டியில் இரண்டே பேரிங், புதியதில் எட்டு. இங்கே மழையும் செம்மண்ணும் சேர்ந்து இரண்டு சீசனில் கீழ் பிவட்டைப் பிடிக்க வைத்துவிட்டன. பின் சட்டத்தைக் கையால் ஆட்டினால் சொரசொரவென்று தட்டியது. கோயம்புத்தூர் பம்பு, மோட்டார் ஊர் என்பதால் 6902 சைஸ் பேரிங் கடையிலேயே சுலபமாகக் கிடைத்தது. கிரீஸை நிறைய வைத்து அடித்தேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஷாக்கின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து பின் காலிப்பர் எந்தச் சட்டத்தில் இருக்கிறது, அந்தச் சட்டம் சுழல்கிறதா என்று பாருங்கள். தட்டையான மண்பாதையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஒற்றை பிவட் தாராளமாகப் போதும், பராமரிப்பும் குறைவு. கல் ரோட்டில் பிரேக் பிடித்தபடி இறங்குகிறவர் என்றால் நான் ஹார்ஸ்ட் லிங்க்தான் சொல்வேன். எதில் ஓட்டினாலும் கற்களுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கற்கள் மேல் பின் பிரேக்கைத் தளர்த்திவிட்டால் சக்கரம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழைய வண்டி இப்போது என் தங்கை மகனிடம் இருக்கிறது. அவனுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான், அந்தக் காட்டெருமை வளைவிலேயே நிற்க வைத்து.