ஆர்பிஎம் மீற்றர் வேலை செய்யேல்லயெண்டு மீற்றர் செற்றை மாத்த முதல் கொக்குவில் பக்கம் இருக்கிற இந்த வயரிங் கடையில காட்டுங்கோ

அப்பான்ர வான் பழைய ரொயோட்டா டொல்பின், 3எல் எண்ட மொடல் டீசல் எஞ்சின். ரெண்டு மாசமா, எஞ்சின் நிமிசத்துக்கு எத்தினை சுத்துச் சுத்துதெண்டு காட்டுற ஆர்பிஎம் மீற்றர் முள்ளு ஒரு நேரம் வேலை செய்யும் ஒரு நேரம் செய்யாது, காலமை ஸ்ராட் பண்ணேக்க வடிவா நிக்கும், கொடிகாமம் வர முதல் பூச்சியத்துக்கு விழுந்திடும், பள்ளத்தில ஏறி இறங்கினா திடீரெண்டு துள்ளும். அப்பாக்கு இப்ப காது கேக்கிறது குறைவு, இவ்வளவு காலமும் எஞ்சின் சத்தத்தை வைச்சுக் கியர் மாத்தின மனுசன் இப்ப அந்த முள்ளைப் பாத்துத்தான் ஓடுறார், அது விழுந்தாப் பிறகு அவர் தடுமாறுறதைப் பாக்க எனக்கு மனசு கேக்கேல்ல.

முதல் போன கராச்சில சீற்றைத் தூக்கி எஞ்சினைக் கூடப் பாக்கேல்ல, மீற்றர் செத்துட்டுது, எல்லா மீற்றரும் சேந்த ரீகண்டிஷன் செற் ஒண்டு போட 28,000 எண்டினம். அதைப் போட்டா கிலோமீற்றர் கணக்கும் மாறிப் போகும், அப்பா வேண்டாமெண்டுட்டார்.

பேந்து தெரிஞ்ச ஹயர்காரர் ஒராள் சொல்லித்தான் கொக்குவில் பக்கம் இருக்கிற இந்த வயரிங் கடைக்கு வந்தனாங்கள். அண்ணை முதல் கேட்டது டீசல் மீற்றரும் ரெம்பரேச்சரும் சரியாக் காட்டுதோ எண்டு. ஓமெண்டன். "அப்ப செற்றுக்குக் கரண்டும் ஏர்த்தும் வருது தம்பி, சிக்னல் வாற பக்கம் பாப்பம்" எண்டார்.

பெற்றோல் வாகனமெண்டா ஸ்பார்க்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில்ல மைனஸ் பக்கத்தால சிக்னல் எடுப்பினமாம், நாலு சிலிண்டருக்கு ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க், அதை எண்ணித்தான் முள்ளு நிக்கிறது. ஆறு சிலிண்டர் மீற்றரைக் கொண்டந்து நாலு சிலிண்டருக்குப் போட்டா 3000 ஓடேக்க 2000 எண்டு காட்டுமாம், பழைய செற் வாங்கிப் போடுற ஆக்கள் இதைக் கவனிக்கோணும். டீசல்ல ஸ்பார்க்கே இல்லை. சில வாகனத்தில சிக்னல் பற்றரி சார்ச் பண்ணுற ஓல்டனேற்றரில இருந்து வரும், எங்கட வானுக்கு டீசல் பம்பில ஒரு சென்சர் இருக்கு.

அந்த சென்சர் பிளக்கைக் கழட்டி மல்ரிமீற்றரால ரெசிஸ்ரன்ஸ் பாத்தார், சரி. எஞ்சினை ஓட விட்டு ஏசி வோல்ற் பாத்தார், அக்சிலேற்றர் குடுக்கக் குடுக்க ஏறுது, சென்சர் நல்லம். எஞ்சின் சூடாகி முள்ளு விழும் வரைக்கும் காத்திருந்து அதே வோல்ற்றை மீற்றருக்குப் பின்னால பாக்க ஒண்டுமில்லை. அப்ப பிழை இடையில வாற வயரிலதான். வயர் கட்டைக் கையால அசைச்சு அசைச்சு வந்தார், ஒரு பிறக்கற்றில வளையிற இடத்தில முள்ளு துள்ளிச்சு. வெளியால ஒண்டும் தெரியேல்ல, உறையை வெட்டினா உள்ள செம்பு பச்சை பிடிச்சு அறுந்து கிடக்கு!

புது வயர் இழுத்து, ஈயம் வைச்சு, சூட்டுக்குச் சுருங்கிற சிலீவ் போட்டு, பிறக்கற்றில உரஞ்சாத மாதிரிக் கட்டி விட்டார். அதோட விடேல்ல, எஞ்சினோட சுத்துற கிராங்க் புலிச் சில்லில மின்னுற ரேப் துண்டு ஒட்டி, சுத்தை எண்ணுற லேசர் டக்கோமீற்றர் பிடிச்சு ஒப்பிட்டுக் காட்டினார், ஐடில்ல ரெண்டும் 750க்குக் கிட்ட நிண்டுது. எல்லாம் சேத்து 3,500 தான் எடுத்தவர். பழைய வயர் துண்டையும் கையில தந்தவர்.

குறை எண்டா இடம் சரியான சின்னன், ரெண்டு வாகனம் நிண்டா மூண்டாவது றோட்டிலதான், வேலை நேரம் போனும் எடுக்கமாட்டார். காலமை 8 மணிக்கே போங்கோ. எஞ்சின் சூடானாப் பிறகுதான் பிழை வருதெண்டா கொஞ்சம் சுத்தி ஓடிக்கொண்டு போய் அணைக்காமலே காட்டுங்கோ, எங்களுக்கு அது சூடாகும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்ததிலதான் முக்கால் மணித்தியாலம் போனது.